மற்றவை

மூதூர் தாண்டித் தார் முடிந்த இடத்தில்
மோட்டார் சைக்கிளைக் கண்டல் வேரில் சாய்த்துவிட்டு
நடந்தேன். சப்பாத்துக்குள் களப்பு.
கச்சேரி தந்த படிவங்கள் நாற்பத்திரண்டு
பொலித்தீன் பையில், நெஞ்சோடு.

வள்ளியாத்தை வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.
முப்பது வயதிருக்கும். இடுப்பில் போன்.
நிமிரவில்லை.
"கேளுங்க, கைதானே வேலை செய்யுது."

பெயர்.
பிறந்த திகதி: மாரிக்குள்ளே ஒரு நாள்.
தொழில்: ஒரு நண்டைத் தூக்கிக் காட்டினாள்.
இனம்.

கை நின்றது.
"சுனாமிக்குப் பிறகு வந்தவர் ஒண்டு எழுதினார்.
முகாமில வேறொண்டு.
எதில புள்ளடி போட்டா றோட்டு வருமோ
அதில போடுங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேடர் என்று எழுதவா, என்றேன்.
"பெட்டி இருக்கா?"
இல்லை. மற்றவை என்று ஒன்று இருக்கிறது.
"மற்றவை எண்டா,
ஆருக்கு மற்றவை?"

படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
அங்கே விளக்கம் இருப்பதுபோல.
கரையில் ஒரு கொக்கு
ஒரு காலை மட்டும் ஈரமாக்கி நின்றது.

மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்றாள், உடனே.
பிறகு, வலையைப் பார்த்துக்கொண்டே:
"சடங்கில உரு வந்தவர் சொல்லுற சொல்லு
எங்களுக்கும் விளங்காது.
ஆனா ஆரும் பிழையாச் சொன்னா
சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."
அதற்கும் கட்டம் இல்லை.

"நீங்க எந்தக் கரையால வந்தனீங்க?"
திருகோணமலை டவுன், என்றேன்.
"அதுக்கு முந்தி?"
அப்பப்பா காரைநகர். துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்.
"எத்தினை வருசம்?"
எழுபது இருக்கும்.
எழுபது, என்று சொல்லிப் பார்த்தாள்,
சந்தையில் விலை கேட்ட மாதிரி.
ஐந்து நண்டைக் கொடியால் கட்டி நீட்டினாள்.
"வந்த ஆள் வெறுங்கையோட போகக் கூடாது."

திரும்பினால்,
பாதிச் சில்லு தண்ணீருக்குள்.
"வத்துக்கு நிப்பாட்டினீங்க, இப்ப பெருக்கு.
அப்பவே கண்டனான்.
கேள்வி முடியட்டும் எண்டு இருந்தன்."

கூப்பிட்டதற்குத் தோணியிலிருந்து மூன்று பேர் குதித்தார்கள்.
பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
தூக்கி மணலில் வைத்து,
புகைக்குழாயைச் சாய்த்து ஊற்றினார்கள்:
கொஞ்சம் களப்பு,
ஒரு இறால் குஞ்சு.

எட்டாவது உதைக்குத்தான் இயந்திரம் இருமியது.
கைபிடியில் நண்டுகள் காலாட்டின.
பையில் இன்னும் நாற்பத்தொன்று.
எழுதியதில் ஒரு கட்டம் வெறுமை;
பேனாவை மூடியும் ஆயிற்று.