அடித்தல் திருத்தல்

லியாண்டர் டிஸார்ட் எழுதினால்
அடித்தல் திருத்தல் இருக்காது.
ஒன்பது வருடமாய் அவர் கொண்டுவந்த தாளையெல்லாம்
முத்திரை குத்தி வாங்கியவள் நான்.
நீல மை, கோடு போட்ட தாள், பக்கத்துக்கு இருபத்தாறு வரி.
வக்கீல் வைக்கக் காசில்லை.
இருந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டார்.

முதல் வழக்கில்
பட்டறைக்காரர்களின் பற்றவைப்பு விட்டுப்போனதால்
படகு மூழ்கியது என்றார்.
தோற்றார்.
மே மாதம் பனிக்கட்டி உடைந்து விலகியதும்
கடல் உள்வாங்கிய ஒரு விடியலில்
படகின் கூட்டுக்குள் தவழ்ந்துபோய்
வால்வு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
பித்தளை. பச்சைப் பாசி. மூடினாலும் மூடாத வால்வு.
இரண்டாம் வழக்கு அதைப் பற்றி.
மூன்றாவது, படகுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் மேல்.
நான்காவது, மறுபடியும் பட்டறை மேல்,
இந்தத் தடவை ஒப்பந்தம் என்ற பெயரில்.

செயின்ட் ஜான்ஸில் ஜனவரி.
துறைமுகத்துக் காற்று
டக்வொர்த் தெரு ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது.
நீதிபதி கியோ குரலை உயர்த்தவில்லை.
'நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை, திரு. டிஸார்ட்.
முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும் என்கிறேன்.'
'முதல் தடவை அது தண்ணிக்கு அடியில் இருந்ததம்மா.'
'ஆள் வைத்துத் தேடியிருக்கலாம்.'
அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.
'தேடியிருக்கலாம்' என்றார்.

கடைசி பெஞ்சில் ஃபிலமினா கீப்பிங்.
நான்கு வழக்குக்கும் அதே பழுப்புக் கோட்டு.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்தாள்.
மூன்றாவதுக்குப் பதில் மனு போட
படகுத் தூக்கியை விற்றாள்;
அதில்லாமல் என்ன பட்டறை?
வால்வு மாட்டியது யாரென்று
அவளுக்கு இன்றுவரை தெரியாது.
தபால்காரர் கேட்டைத் திறந்தால்
வயிறு பிசையும் என்று
போன வருடம் என்னிடம் சொன்னாள்,
படிவம் வாங்க வந்தபோது.
நான் இருவருக்கும் படிவம் கொடுப்பவள்.
இருவருக்கும் அதே பேனாவை நீட்டுபவள்.

உத்தரவு ஒன்றரைப் பக்கம்.
சாட்சி இல்லை, விசாரணை இல்லை,
வால்வை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.
நடைமுறைத் துஷ்பிரயோகம், ஆகவே வழக்கு நீக்கப்படுகிறது.
தட்டச்சு செய்தது நான்தான்.
ஒரு எழுத்துப்பிழை கிடைக்காதா என்று மூன்று தடவை படித்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

கவுண்டரில் நின்றே வாசித்தார்.
விரல் அந்தச் சொல்லில் நின்றது.
'இது வேற விஷயத்துக்குச் சொல்ற வார்த்தை ஆச்சே.
பேப்பர்ல போடுவானே, பாதிரிமாரைப் பத்தி.'
இங்கே வேறு அர்த்தம் என்றேன்.
'என்ன அர்த்தம்?'
கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது, என்று சொல்ல வந்து
'மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்' என்றேன்.
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல
அவர் சிரித்தார்.

வாசலில் ஃபிலமினா டாக்ஸிக்குக் காத்திருந்தாள்.
இவர் தொப்பியைத் தொட்டார்.
அவள் வேறு பக்கம் பார்த்தாள்,
பிறகு பார்த்தாள்,
அதற்குள் அவர் சரிவில் பாதி இறங்கியிருந்தார்,
உப்பு தூவிய நடைபாதையில்
ஒவ்வொரு அடியாய் அளந்து.

ஐந்து மணிக்கு விளக்கணைக்கப் போனபோது
பெஞ்சுக்குக் கீழே துண்டில் சுற்றி ஒன்று.
அவிழ்க்கவே வேண்டாம், கனத்திலேயே தெரிந்தது.
நாலு வழக்கிலும் சான்றாவணமாகாத அது.

தொலைந்த பொருள் பெட்டியில்
ஒற்றைக் கையுறைகள் ஏழு, ஒரு மூக்குக்கண்ணாடி,
குழந்தையின் பூட்ஸ்.
அட்டையில் எழுத வேண்டும், அதுதான் விதி:
பொருள். தேதி. கிடைத்த இடம்.
உரிமை கோருபவர்.

பெயரை எழுதினேன்.
வேலை விதிப்படி அது என் வேலையில்லை,
அவர் வந்து கேட்டால்தான் எழுத வேண்டும்.
அடித்துவிடலாமா என்று
பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன்.