சாமியானா வாடகைக்கு

வனத்துறையிலிருந்து ஃபோன்.
பறவை எண்ண வந்தவருக்குக் கூடாரம் வேண்டும்,
அரிச்சல்முனைக்கு இப்புறம், ஐந்து நாள் என்றார்கள்.
வாடைக் காற்றில் ஐந்து நாள்!
முழுப் பணமும் முன்னாலேயே கேட்டேன்.

வந்தவர் பெயர் சொல்போன்.
செல்போன் என்று காதில் விழுந்து
சார்ஜரை எடுத்து நீட்டிவிட்டேன்.
விடிவெள்ளியாம் அது, அவர் பாஷையில்.
என்ன பாஷை என்றேன். புரியாத் என்றார்.
அது தெரிகிறது, பாஷையின் பெயர் என்ன என்றேன்.

கம்பு நடுகையில் அவரும் கயிறு பிடித்தார்.
முடிச்சுப் பழகிய கை.
என் துணியைத் தட்டி, இது மைஹன் என்றார்.
வழியில் தங்குவது. வீடில்லை.
வீடென்றால் கெர்.
சுருக்கென்றது எனக்கு.
நாற்பது நிக்காஹ், எட்டுக் கட்சிக் கூட்டம்,
ஒரு கலெக்டரின் தலைக்கு நிழல் தந்த துணி.

கெர்ருக்குச் சுவர் கானா, கத்தரிபோல் மடிந்து ஒட்டகம் ஏறும்.
உச்சியில் ஒரு வட்டம், தோனோ,
புகை வெளியே போக, வானம் உள்ளே வர.
தோணியா என்றேன்.
சம்பந்தமில்லை என்று சிரித்தார்.
இருக்கட்டும்,
கவிழ்த்த தோணிக்கடியில் மழைக்கு ஒதுங்கிப் படுத்து
ஓட்டை வழியே விண்மீன் பார்த்தவன் நான்.

டிவியில் யூர்ட் என்கிறார்களே?
துருக்கிக்காரன் சொல் அது.
முதலில் வீட்டுக்கு அல்ல,
வீடு நிற்கும் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றார்.

அவர் அப்பா எட்டு மூலை வைத்து மரத்தில் கட்டினார்.
யானை கட்டி இழுத்தாலும் நகராது. அதுவும் கெர்.
அவர் இருப்பது நாலாம் மாடியில்,
லிஃப்ட்டில் ஏறிப் போகிற கெர்.
ஆம்பிளை கலியாணம் முடித்தால் கெர்லெஹெ,
அதாவது, வீடாவது.
நாங்களும் வீட்டுக்காரி என்போம் என்றேன்.
உங்கள் வீட்டுக்காரி?
வடக்கே கை நீட்டினார்.
பிறகு அந்தக் கையாலேயே
வெகுநேரம் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார்.

மூன்றாம் ராத்திரி காற்று கயிறை அறுத்தது.
நடுக்கம்பை ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
யாரும் எந்தப் பாஷையும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பிரித்தேன்.
மணலில் குழிகள், நடுவே
எங்கள் காலடி இறுக்கிய ஒரு சதுரம்.
பூசா என்றார்.
வீடு இருந்து போன இடம்.
ஆட்டுப் புழுக்கை காய்ந்து கறுத்திருக்கும்,
அடுத்த வருஷம் மந்தை அங்கேயே வந்து நிற்குமாம்.

உங்கள் ஊர்?
புதுவலசை.
அர்த்தம்?
இருபது வருஷமாய் அண்டாவிலும் நாற்காலி முதுகிலும்
பெயின்டில் எழுதுகிறேன், கேட்டுக்கொண்டதில்லை.
புது என்றால் புதுசு.
வலசை...
நீர்ப்பரப்பில் பூநாரைகள் ஒரு வரிசையாய் எழுந்தன.
அதோ, அதுகள் செய்வது.

ஊருக்கா இந்தப் பெயர்?
ஊருக்குத்தான். காரை வீடுகள், ஏடிஎம், குடிநீர்த் தொட்டி.
எங்கேயும் போகாது.

பறவைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் திருப்பி
எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.
எட்டிப் பார்த்தேன்,
கெர்ருக்கு நேர் கீழே.

டாடா ஏஸில் ஏற்றிச் சாமான் எண்ணும்போது
இரும்பு முளை ஒன்று குறைந்தது.
எந்தக் குழியில் என்று தெரியும்.
நஷ்டம் அறுபது ரூபாய் என்று எழுதிவிட்டு
வண்டியை எடுக்கச் சொன்னேன்.