கடைசி வரி

என் விசிட்டிங் கார்டில்
'கல்லல் கலகல சொர்ணலிங்கம்' என்றிருக்கும்.
பல்குரல். கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி.
இருபத்திரண்டு வருஷமாக
பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, கலெக்டர், சேவல்,
மொய் எழுதும்போது மூக்கடைத்தவர்
எல்லாரும் என் தொண்டையில் இருந்துவிட்டுப் போனவர்கள்.
ஒருவனை மட்டும்
நானாக இழுத்து வந்து வைத்திருந்தேன்.

அவன் பேசி நான் கேட்டதில்லை.
பந்தி பரிமாற வந்த வடகிழக்குப் பையன் என்று பேர்.
இரண்டு விரலால் கண்ணோரத்தை இழுத்து
உள்ளங்கையால் மூக்கை அமுக்கி
'சாம்பார்' என்பதை மூன்று துண்டாக உடைத்தால்
அவன் வந்துவிடுவான்.
முடிவில் காணாமல் போன கரண்டியைப் பற்றி ஒரு வரி.
அதை இங்கே எழுதப் போவதில்லை.
எழுதினால் நீங்கள் சிரித்துவிடக்கூடும்.
அவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருந்தேன்.

தேவகோட்டையில் பெரிய வீட்டுக் கல்யாணம்.
வளவு நிறைய நாற்காலி, மேலே மஞ்சள் துணி.
அன்று பந்தியில் நிஜமாகவே ஒருவன் இருந்தான்.
தண்ணீர் ஜக்கோடு ஓரமாக நின்றான்.
கடைசி வரி விழுந்ததும்
எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.
எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்தான்,
ஒரு நொடி பிந்தி.
அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி பத்தரைக்கு
மணப்பெண்ணின் சித்திக்கு ஒற்றை வைரத்தோட்டைக் காணோம்.
வீட்டில் நானூறு பேர்.
எலக்ட்ரீஷியன், பூக்காரர், வீடியோக்காரர், நான்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
கால்கள் தாமாகவே சமையல்கட்டுக்குப் பின்னால் போயின,
வழி தெரிந்த கால்கள் மாதிரி.
அந்த வழியை யார் போட்டது என்று
எனக்குத் தெரியும்.

பையைக் கொட்டினார்கள்.
இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், ஓடோமாஸ்.
ஆதார் அட்டையை ஒருவர் உரக்கப் படித்தார்:
ரிபென் பசுமதாரி.
பேரைப் படித்த தினுசுக்கே பின்னால் ஒரு சிரிப்பு.
அப்புறம் ஒரு பொட்டலம்:
வாழையிலையில் நாலு வெள்ளைப் பணியாரம்.
"பார்த்தீங்களா" என்றது ஒரு குரல்.
எவர்சில்வர் தூக்கோடு உமையாள் ஆச்சி அங்கேதான் நின்றார்.
காலையில் "சாப்பிடாமலே ஓடுறியே தம்பி" என்று
அந்த இலையை மடித்துக் கொடுத்தது அவர் கை.
நான் பார்த்தேன்.
அவர் பணியாரத்தைப் பார்த்தார்.
பிறகு தன் தூக்கின் மூடி
சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.
நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை.
எந்தக் குரலிலும்.

தோடு குளியலறையில், துண்டின் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.
"சரி சரி, போய்த் தண்ணி வை" என்றார்கள்.
யாரோ என் கடைசி வரியை
'கரண்டி'யை எடுத்துவிட்டுத் 'தோடு' போட்டுச் சொன்னார்.
அதுவும் நன்றாகவே பொருந்தியது.
அவன் குனிந்து பணியாரத்தைப் பொறுக்கினான்.
ஒன்று உடைந்திருந்தது.
மூன்றை மட்டும் மடித்து வைத்துக்கொண்டான்.

திரும்பும் வேனில் சவுண்டு செட்டு அருள்ராசு கேட்டான்:
"நீ கரண்டின்னுதானே சொன்ன,
தோடுன்னா சொன்ன?"
நல்ல வக்கீல் அவன்.
திருப்பத்தூர் ரோடு முழுக்க
நான் ஜெயித்துக்கொண்டே வந்தேன்.
ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கணும்.
நான் யார் பையையும் திறக்கவில்லை.
என்னைக் கூட 'கருவாயா' என்று எத்தனை பேர்...
இங்கே மட்டும் கொஞ்சம் தடுக்கியது.
உள்ளாடை வரை நனைந்து
பள்ளிக்கூட மேடையில் நின்ற ஒரு மத்தியானம்.
அன்றைக்கு நானும் சிரித்தேனே,
பிந்தியா, முந்தியா?

அடுத்த மாதம் பள்ளத்தூர்.
பையனை எடுத்துவிட்டேன்.
கலெக்டர் முடிந்ததும் நேரே சேவல் என்று
தாளில் அடித்து எழுதி வைத்திருந்தேன்.
பழக்கதோஷம், அந்த இடத்தில்
ஒரு மூச்சு அளவு நின்றுவிட்டேன்.
மூன்றாம் வரிசையில்
பட்டுச் சட்டை போட்ட எட்டு வயதுப் பிள்ளை
எழுந்து கண்ணோரத்தை இழுத்துக்கொண்டு
கடைசி வரியைச் சொன்னது.
என் தொண்டை, என் இடைவெளி, அப்படியே.
மண்டபம் அதிர்ந்தது.
எனக்கு ஒருநாளும் அவ்வளவு விழுந்ததில்லை.
எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
நானும் சிரித்தேன்,
மைக்கைப் பிடித்தபடி ஓரமாக நின்று.