பொம்பளைப் படி

மைத்துனர் மகளுக்குக் கல்யாணம்.
கண்டனூரில் வாடகைக்கு எடுத்த பெரிய வீடு.
காலைப் பலகாரம் முடிந்ததும்
வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்
தூண் காட்டினார்கள், பர்மாத் தேக்கு.
தரை காட்டினார்கள், இத்தாலிக் கல்.
சுவரைத் தடவச் சொன்னார்கள், முட்டை வெள்ளைக்கரு.
எத்தனை முட்டை என்று கேட்டேன்.
அதோடு என்னை விட்டுவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷமாய் நெய்வேலியில்
பக்கெட் வீல் ஓட்டுகிறவனுக்கு
எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும்
இது எந்தக் குழியிலிருந்து எழுந்தது
என்றுதான் முதலில் தோன்றும்.
பூச்சு உதிர்ந்த பின்கட்டு மூலையில்
செம்புறாங்கல் தெரிந்தது,
சுட்டுவைத்த தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக.
"இது எங்க வெட்டுனது?"
பந்தி பரிமாற வந்த அடைக்கலம்
தோள் துண்டை உதறிவிட்டு
டிவிஎஸ்ஸைக் கிளப்பினான்.

மூன்று மைல். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல்.
பிறகு திடீரென்று தரை இல்லை.

எங்கள் சுரங்கத்தின் விளிம்பில் நின்றால்
அடியில் ஓடும் லாரி தீப்பெட்டி.
இங்கே அடியில் படுத்திருந்த ஆடு
ஆடாகவே தெரிந்தது.
சிரித்தேன். தொழில் கர்வம்.

இறங்கினேன்.
சுவர் முழுக்க வெட்டுத்தடம்,
காற்றில் விழுந்த மழைபோல ஒரே பக்கம் சாய்ந்து.
ஓரிடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம்.
இடக்கைக்காரன் ஒருவன்
அங்கே நாலு வரிசை வெட்டியிருக்கிறான்.
அதற்குக் கீழே மறுபடி வலக்கை.
அவன் எங்கே போனான் என்று
குழி சொல்லவில்லை.

தட்டின் உயரம் பார்ப்பது என் பழக்கம்.
ஒவ்வொரு தட்டும் ஒரு முழம், கல்லின் அளவு.
தென்மூலையில் மட்டும்
அடியிலிருந்து உச்சிவரை ஒரு கீற்று,
அரை முழம் அரை முழமாக.
கீழே கல் இளசு. தடையொன்றும் இல்லை.
முழுக்கல் எடுக்க வேண்டிய இடத்தில்
பாதிக்கல். பாதிக்கல் வீட்டுக்கு ஆகாது.
விலைக்கும் கூலிக்கும் ஆகாது.
எந்த மேஸ்திரி சம்மதித்தான் இந்த நஷ்டத்துக்கு?

அடைக்கலம் உடைந்த கல் ஒன்றைத்
தலைக்கு ஏற்றிக்கொண்டான்,
மாட்டுத்தொட்டிக்கு முட்டுக்கொடுக்க.
அந்தக் கீற்றில்தான் ஏறினான்.
குனிய முடியாது, பார்க்கவும் முடியாது.
கால் தேடியது; தேடின உயரத்தில் படி இருந்தது.
நாற்பத்தொரு படி.
எல்லாம் நடுவில் தேய்ந்து, சிறிய பாதங்களுக்கு.

"இதுக்குப் பேரு பொம்பளைப் படி," என்றான்
மேலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.
"வேற ஒண்ணும் தெரியாது."

எங்கள் ஊர் இருந்த இடம் இப்போது காற்று.
ஒரு ராத்திரி ஷிப்டில்
கிணற்று உறை ஒன்று வாளியில் ஏறி
பெல்ட்டில் போனது.
யார் வீட்டுக் கிணறு என்று எனக்குத் தெரியும்.
நிறுத்தவில்லை.
நிறுத்தினால் ரிப்போர்ட் எழுத வேண்டும்.
இதை அடைக்கலத்திடம் சொல்லவில்லை.
கல்லை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன்,
அவ்வளவுதான்.

திரும்பியபோது இரண்டாம் பந்தி.
பெரிய வீட்டு வாசலில் ஏழு படி.
ஒவ்வொன்றும் முக்கால் முழம் இருக்கும்,
பார்க்க நிமிர்வாய்த்தான் இருந்தது.
மூன்றாவதில் முழங்கால் வலித்தது.
ஆத்தங்குடித் தரையில்
என் செம்மண் தடம் நடுக்கூடம்வரை வந்தது.
"எங்க போய் மிதிச்சிட்டு வர்றீங்க?" என்றாள் கமலவேணி.
வேலைக்கார அம்மா ஒருத்தி ஈரத்துணியோடு
அதற்குள் குனிந்துவிட்டாள்.

"இருங்க, நானே துடைக்கிறேன்," என்றேன்.
அவள் கேட்கவில்லை.
என் கால் தடத்தின்மேல் துணியை வைத்து
பின்னாலேயே நகர்ந்து வந்தாள்,
ஒவ்வொன்றாக,
நான் நிற்கும் இடம்வரை.
"காலைத் தூக்குங்க," என்றாள்.