ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்

உப்பளத்து உள்ளரங்கில்
பெற்றோருக்கென்று ஒதுக்கியிருப்பது
ஒரு ஜன்னல்.
அதற்கு வெளியே செருப்புக் குவியல்,
அதை ஒட்டி நாங்கள்:
மதகடிப்பட்டிலிருந்து வரும் கல்லூரி ஆசிரியை,
மீன் ஏலம் முடிந்த கையோடு வரும்
தேங்காய்த்திட்டு அந்தோணிராசு,
இரவு ஷிப்டுக்கு மாற்றி வாங்கிய
சிப்காட் தொழிலாளி நான்.
உன் பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.
முழங்கால் எப்படி இருக்கிறது,
அதுதான் நலம் விசாரிப்பு.

உத்தரம் பத்து சென்டிமீட்டர் அகலம்.
வீட்டில் அளந்து பார்த்தேன்,
கட்டைவிரலையும் சேர்த்தால் என் உள்ளங்கை.
கூடத்துத் தரையில் கோடு போட்டுக் கொடுத்தேன்.
அதன்மேல் நின்று பல் துலக்கினாள்,
ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள்,
அம்மாவிடம் கோபித்துக்கொண்டு
விறுவிறுவென்று போனாள்
கோடு பிசகாமல்.

டெல்பின். எட்டு வயது.
இருபத்திரண்டரைக் கிலோ.
அந்த அரைக் கிலோவை
நான் எதற்கு மனப்பாடம் செய்தேன்?

இன்று போட்டி.
திரும்புகிற இடத்தில் அவள் இடது குதிகால்
மரத்தைத் தேடியது.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
என் இரண்டு கைகளும் நீண்டு
கம்பியில் இடித்துத் தோலுரிந்தன.
விழுந்தாள். கீழே மெத்தைதான்.
நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு
மறுபடி ஏறினாள்.
முடித்ததும் கைகளை உயர்த்தி
நடுவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
சிரித்தாள்.

வெளியே வந்தவளிடம்
பரவாயில்லடா என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
"ஏன் கீழ பாத்த?" என்று வந்தது.

அரியாங்குப்பம். தவளக்குப்பம்.
மற்ற நாளென்றால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு
யார் அழுதது, யார் ஏமாற்றியது என்று
கிருமாம்பாக்கம் வரை ஓயமாட்டாள்.
இன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று தள்ளியபோதும்
கம்பியைத்தான்.

ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்.
புதுவையிலிருந்து வருகிற பை என்றால்
திறந்து பார்த்தே ஆகவேண்டிய பை.
நானும் யோக்கியனில்லை;
இவள் பிறக்குமுன் இதே சாவடியில்
மழைக்கோட்டுக்குள் இரண்டு குவார்ட்டரைச் சுருட்டி
விசிலடித்துக்கொண்டே தாண்டியவன்.
ஏட்டு உள்ளே கைவிட்டார்.
டப்பா. மூடி தெறித்து
வெள்ளைப் பொடி அவர் மீசை வரைக்கும்,
பிடிக்கப் போன டெல்பின் கையெல்லாம்.

"என்னய்யா இது?"
"கம்பியில கை வழுக்காம இருக்க"
என்றாள் எனக்கு முந்தி.
"ஜிம்னாஸ்டிக்ஸா? எங்க,
ஒரு பல்டி அடிச்சுக் காட்டு பாப்பம்."

பின்னால் நாலைந்து வண்டிகள்,
ஒரு லாரியின் வெளிச்சம் முழுதும் அவள்மேல்.
அடிச்சுக் காட்டு கண்ணு, என்று சொல்ல
நாக்கைத் தூக்கிவிட்டேன் நான்.
இன்று சரியாக ஒன்றையாவது
நாலு பேர் பார்க்கட்டுமே என்று.

அவள் தார் ரோட்டைப் பார்த்தாள்.
ஏட்டைப் பார்த்தாள்.
என் பக்கம் திரும்பவில்லை.
"இங்க மெத்தை இல்ல சார்."

ஏட்டு சிரித்துவிட்டார். போ போ என்றார்.
வண்டி இரண்டு உதையில் கிளம்பவில்லை.

மஞ்சக்குப்பத்தில் கதவைத் திறந்த பிலோமினா
மார்க்கைக் கேட்கவில்லை.
தூங்கிவிட்டவளை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்துவிட்டு
வந்து கேட்டாள்,
"சட்டையில என்ன?"
கழற்றிப் பார்த்தேன். நீலச் சட்டை.
இடது விலாவில் ஐந்து விரல், வெள்ளையாக.
வலது பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
விளக்கடியில் கொண்டுபோயும் பார்த்தேன்.
இல்லை. ஒரு கைதான்.

ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
கொஞ்சம் தலை சாய்க்கலாமென்று
விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.
கூடத்துக் கோட்டை இருட்டில்
மிதித்துவிடக் கூடாதென்று காலை எட்டி வைத்து,
தடுமாறி,
சுவரைப் பிடித்தேன்.