உள்ளது உள்ளபடி

முப்பத்திரண்டாம் ஆண்டு ஃபோர்டு கூப்பே.
முழுக்க அசல் தகடு, ஃபைபர் என்று ஒரு துண்டு கிடையாது.
கூரையை மூன்றரை அங்குலம் அறுத்து இறக்கியிருக்கிறேன்
என்று எழுதினேன்.
டெல்பர்ட் 'றேன்' என்பதை அடித்து
'றோம்' என்று திருத்தி அனுப்பினான்.
விளம்பரத்தை இருவரும் ஒப்ப வேண்டும்,
நீதிபதி உத்தரவு.

சரி. இறக்கியிருக்கிறோம்.

ஸ்மோக்கி ஹில் ஆறு கரையை அரித்துவிடாமலிருக்க
கான்சாஸ் பண்ணைக்காரர்கள்
கொட்டிப் புதைத்த கார்களில் ஒன்று இது.
தோண்டியபோது பின்பெட்டிக்குள்
ரக்கூன் ஒன்று குட்டி போட்டிருந்தது.
அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும்வரை
மூன்று வாரம் காத்திருந்தோம்.
இந்த 'தோம்' நானே போட்டது.

பற்றவைப்பு எல்லாம் என் கை.
தானியக் கோபுரத்துக் குழாய்களில் இருபது வருடம் பழகிய கை.
விரலால் தடவிப் பாருங்கள், தழும்பு தட்டாது.
இன்ஜின் அவனுடையது.
ஃபிளாட்ஹெட் வி-எட்டு, தலையில் மூன்று கார்புரேட்டர்.
நிறம், உறைந்த மாட்டு ரத்தம்.
மட்கார்டு கிடையாது;
மழையில் ஓட்டினால் பாதிச் சாலை உங்கள் முகத்தில்.

கியர் குமிழ், ஹேஸில் மூடிப்போன மதுக்கடையின்
பீர்க் குழாயிலிருந்து வந்த பீங்கான் பிடி.
அதை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்கிறான்.
யானையை விற்றுவிட்டுத் துறட்டிக்கு மன்றாடுகிறவன்!

பாதிப் பாதி என்றார் நீதிபதி.
அறுப்பது எனக்குப் புதிதில்லை ஐயா,
ரம்பம் வண்டியில்தான் இருக்கிறது என்றேன்.
அந்த அறையில் சிரித்த ஒரே ஆள்
டெல்பர்ட்.

நவம்பரில் ஒமாஹாவிலிருந்து வந்தார் லிண்டன் க்ராவுசே.
பன்றி வியாபாரம்; பின்னால் டிரெய்லர், உறையில் ரொக்கம்.
தன் தொப்பிக்கு இடமில்லாத கூரைக்குள்
தலையைச் சாய்த்து உட்கார்ந்து திருகினார்.
முனகியது.
மறுபடி திருகினார்.
முனகல்கூட இல்லை.
டெல்பர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.
என் இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.

காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நான் க்ராவுசேயை இறங்கச் சொன்னேன்.
வேலியின் படல் திறக்கும் சத்தம் கேட்டது,
நான் திரும்பவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
நடுக் கார்புரேட்டரின் வாயை
வெறும் உள்ளங்கையால் மூடினான்.
நான் திருகினேன்.
எந்த நொடியில் கையை எடுப்பது என்று
ஒருவரும் எண்ணிச் சொல்லவில்லை.
ஒரு நொடி பிந்தினால் பெட்ரோல் முட்டி அடைத்துவிடும்,
முந்தினால் தீ மேலே சீறும்.
ஒருமுறை முந்தி, ஒரு கோடைக்காலம் முழுக்க
அவனுக்குப் புருவமே இல்லை.

பிடித்துக்கொண்டது.
தானியக் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின.
இருக்கைக்கடியில் அந்த நடுக்கம்,
விலா எலும்பு வரைக்கும்.

க்ராவுசே வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.
பிறகு, நான் தனியாள்,
என் வீட்டில் யார் கை வைப்பார்கள் என்றார்.
மூவாயிரம் குறைத்துக்கொள்ள முடியுமா என்றார்.
முடியாது என்றோம்.
ஒரே சமயத்தில் சொன்னதால்
அவருக்கு அது சண்டை போலக் கேட்டிருக்கும்.

டிரெய்லர் காலியாகத் திரும்பியது.
டெல்பர்ட் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
படலைச் சாத்திவிட்டுப் போனான்.

இன்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
குளிர்காலத்தில் கிளப்ப இரண்டு பேர் வேண்டும்.
அவனுக்கு அனுப்பினேன்.
திருத்தம் எதுவும் வரவில்லை.

கியர் குமிழ் விலையில் சேராது.

நாற்பத்தெட்டாயிரம் டாலர். பேரம் வேண்டாம்.
மாலை ஆறுக்கு மேல் அழைக்கவும்.
கீழே இரண்டு எண்கள் இருக்கின்றன,
எதை அழைத்தாலும் விலை ஒன்றுதான்.