ஒன்பது மணி முறை

எங்கள் ஊரில் யாரும் அலறுவதில்லை.
கடல் உறைந்து சாலையாகிற கெமியில்
பயம் என்றால்
ஒருவர் தன் கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளி
மறுபடி வெளியே இழுப்பது.

கோட்டுகளை வாங்கி மாட்டி டோக்கன் தருவது என் வேலை.
விளக்கணைந்ததும்
பக்கவாட்டுக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில்
மூக்கை வைத்து நிற்பேன்.
திரை தெரியாத கோணம்.
முகங்கள்தான் தெரியும்,
நீலமாய், சாம்பலாய்,
ஒருமுறை மட்டும் எல்லாம் ஆரஞ்சாய்.
பதினொரு காட்சி ஓடிவிட்டது.
படத்தை நான் பார்த்தது இப்படித்தான்.

நாவலைப் படிக்காதவர்கள் இங்கே குறைவு.
ஏரித்தீவில் ஒரு குடும்பம்.
வெளியே தாழிட்ட சவுனா.
உள்ளே யாரோ
கொதிக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்,
சனிக்கிழமைதோறும்.
அவ்வளவுதான் கதை.
முந்நூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டியும்
அந்தக் கதவு திறப்பதில்லை.

படத்தில் திறந்துவிட்டார்கள்.

திறந்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு சிரிப்பு.
காகித ஆலைப் பையன் யோர்மா.
அவன் சிரித்ததும்
அரங்கம் முழுக்கத் தோள்கள் இறங்கின.
நெரிசல் பேருந்தில் இருக்கை கிடைத்தவர்கள் போல
கால் நீட்டினார்கள்.
மயிர் முளைத்த எதையோ காட்டினார்களாம்.
ஈரமாய், பல்லோடு.
பல் தெரிந்துவிட்டால் பிறகென்ன,
பல் டாக்டரிடம் போகிற பயம்தானே.

ஆனால் அதற்கு நாற்பது நிமிடம் முன்னால்,
முதல் 'ஸ்ஸ்ஸ்' கேட்டபோது,
இதே யோர்மா
பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பிடியைப் பிடித்திருந்தான்.
அவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது.
அவரும் கையை எடுக்கவில்லை.

வெளியே வரும்போது எல்லோரும் நிபுணர்கள்.
"பிர்ச் விறகு அப்படிப் புகையாது" என்றார் ஊர்போ,
ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர்.
தாயாக நடித்தவள் தெற்கத்திக்காரி,
வாளி தூக்கத் தெரியவில்லை என்றாள் அவர் மனைவி.
ஒட்ஸோ என்கிற சிறுவன்
பாதியிலேயே எழுந்து வந்து
என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து
டோக்கன்களை எண்வாரியாக அடுக்கித் தந்தான்.
ஏன் வந்தாய் என்று நானும் கேட்கவில்லை.
பதினேழை மட்டும் காணோம் என்றான்.

நூலக வண்டி ஓட்டும் தெர்ஹிதான் கொதித்துப்போயிருந்தாள்.
நாவலை ஒன்பது தடவை படித்தவள்.
"காட்டிக் கெடுத்துவிட்டார்கள்.
ஒரு மயிர்க்கால்கூடச் சிலிர்க்கவில்லை எனக்கு.
மூடிய கதவுக்கு முன்னால்
பேசாமல் நிற்கத் தைரியமில்லை இவர்களுக்கு."
சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பூட்டும் நேரம்.
கொக்கியில் ஒரே ஒரு கோட்டு மிச்சம்.
சாம்பல் கம்பளி, பையில் நூலக வண்டியின் சாவி.
டோக்கன் பதினேழு.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
இரண்டு கிலோமீட்டர் நடந்தே போயிருக்கிறாள்,
கோட்டில்லாமல்,
சிலிர்க்காத மயிர்க்கால்களோடு.

மறுநாள் வந்து வாங்கிக்கொண்டாள்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும்.
பொத்தான்களைப் போட
வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை.
எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளச் சவுனாவுக்கு
முறைப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்கும்.
ஒன்பது மணி முறைக்கு
மூன்று வருடமாய்க் காத்திருக்கிறேன்,
விட்டுக்கொடுக்க ஆளில்லை.
இன்று அந்தக் கட்டத்தில்
இரண்டாம் மாடிக்காரர்கள் பெயர் அடிபட்டிருந்தது.
பென்சிலால், மென்மையாக.

என் பெயரை எழுதினேன்.
நான்தான் எதையும் பார்க்கவில்லையே,
முகங்களைத் தவிர.

துண்டும் வாளியுமாய் இறங்கினேன்.
நடைவிளக்கு தானாக எரிந்தது.
கையில் சாவி, பட்டியலில் என் பெயர், நேரம் சரியாக ஒன்பது.

இருந்தும்
கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.